பத்து வினாடி மருந்தும் பல மாத மருந்தும்

இருதயத் துடிப்பைச் சீராக்கும் ஊசி: போடும் முன் சொல்ல வேண்டியவை, போட்ட பின் கேட்க வேண்டியவை

மருந்தகத்தில் மாத்திரை வாங்கினால் பெட்டி நம் கைக்கு வருகிறது. பெரும்பாலும் உள்ளே ஒரு விளக்கத் தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். படிக்கிறோமோ இல்லையோ, சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அது வீட்டில் இருக்கும்.

மருத்துவமனையில் போடப்படும் ஊசிக்கு அந்த வசதி இல்லை. மருந்துக் குப்பியை உடைப்பது, கலப்பது, ஏற்றுவது எல்லாம் திரைக்கு அப்பால் நடக்கின்றன. குப்பி குப்பைத் தொட்டிக்குப் போகிறது, அதனுடன் வந்த தாளும் போய்விடுகிறது. "ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது" என்பதற்கு மேல் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

காய்ச்சலுக்குப் போடும் ஊசி என்றால் பரவாயில்லை. இருதயத் துடிப்பு தாறுமாறாகும்போது போடப்படும் ஊசி அப்படிப்பட்டதல்ல. உயிரைக் காக்கும் அதே மருந்து, தவறான ஆளுக்கோ தவறான வேகத்திலோ போனால் துடிப்பை மேலும் குலைத்துவிடும். மலேசிய மருத்துவமனைகளில் இவ்வகை ஊசிகள் 'அதிக எச்சரிக்கை' தேவைப்படும் மருந்துகளாகவே கையாளப்படுகின்றன. மருத்துவரும் தாதியரும் தங்கள் பங்கைச் செய்வார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரியாத சில விவரங்கள் நம் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றைச் சொல்வது நம் பங்கு.

துடிப்பு தடம் புரளும்போது

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். மேலறையில் பிறக்கும் மெல்லிய மின்துடிப்பு, நடுவில் உள்ள ஒரு சந்திப்பைக் கடந்து கீழறைக்கு இறங்குகிறது. இந்தப் பாதையில் குறுக்கு வழி ஒன்று உண்டாகி, மின்துடிப்பு வட்டமடிக்கத் தொடங்கினால், துடிப்பு திடீரென 150, 180, சில வேளை 200க்கும் மேல் எகிறும். மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது இன்னொரு வகை. கீழறையிலேயே கோளாறு தோன்றுவது இவற்றுள் ஆபத்தானது.

படபடப்புடன் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. 999க்கு அழைக்க வேண்டும். நோயாளி தானே கார் ஓட்டிப் போகவே கூடாது.

கிள்ளானில் இருப்பவர்கள் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவார்கள். பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போவார்கள். எங்கே போனாலும் முதலில் இ.சி.ஜி. எடுப்பார்கள். நிலைமை மோசமானால் சிவப்பு மண்டலத்துக்குக் கொண்டு போவார்கள். இரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பும் நிலையில் பேச்சுக்கே இடமில்லை, மின் அதிர்ச்சிதான். அவ்வளவு அவசரம் இல்லாதபோது சில நிமிடங்கள் கிடைக்கும். நாம் பேச வேண்டியது அப்போதுதான்.

பத்து வினாடி ஊசி

குறுக்கு வழியில் வட்டமடிக்கும் வேகத் துடிப்புக்கு மருத்துவர்கள் சில வேளை முதலில் ஊசியே போட மாட்டார்கள். ஓர் ஊசிக்குழாயைக் கொடுத்து, 15 வினாடி பலமாக ஊதச் சொல்வார்கள். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். பார்க்க விளையாட்டுபோல இருக்கும். ஆனால் 2015இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், இம்முறையில் 43 விழுக்காட்டினருக்குத் துடிப்பு சீரானது. படுக்க வைத்துக் கால் தூக்காமல் ஊதுவது மட்டும் செய்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கே சீரானது. ஆகவே "ஊசி போடாமல் ஊதச் சொல்கிறார்களே" என்று கோபப்பட வேண்டாம்.

அதற்கும் அடங்காவிட்டால் வருவது அடினோசின். இது நம் உடலிலேயே உள்ள ஒரு பொருள். அதற்கு இருதயத் துடிப்பைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பதை 1929இல் கேம்பிரிட்ஜில் டுரூரி, சென்ட்-ஜியோர்ஜி என்ற இரு அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள சந்திப்பை இது சில வினாடிகள் அடைத்துவிடும். வட்டமடித்த மின்துடிப்பு அறுந்து, இருதயம் மீண்டும் தன் இயல்பான தாளத்துக்குத் திரும்பும்.

இரத்தத்தில் இதன் பாதி 10 வினாடிக்குள் மறைந்துவிடும். அதனால்தான் முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பைத் தேடி, 6 மில்லிகிராமை ஒரே தள்ளாகச் செலுத்தி, பின்னாலேயே உப்பு நீரையும் செலுத்துவார்கள். பலன் இல்லையென்றால் 12 மில்லிகிராம்.

அந்தச் சில வினாடிகள் கொடுமையானவை. முகம் சிவக்கும், நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும், மூச்சு அடைக்கும். 'செத்துவிடப் போகிறேன்' என்ற அச்சம் பலருக்கு வரும். திரையில் இருதயக் கோடு சிறிது நேரம் நேராக ஓடுவதும் உண்டு. மருந்து வேலை செய்யும்போது நடப்பதுதான் இது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் நோயாளி பதற மாட்டார், அருகில் நிற்பவர்களும் அலற மாட்டார்கள்.

இந்த ஊசிக்கு முன் நாம் சொல்ல வேண்டியவை நான்கு.

ஒன்று, ஆஸ்துமா. அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

இரண்டு, காப்பியும் தேநீரும். இவற்றில் உள்ள கஃபீன் அடினோசினுக்கு எதிராக வேலை செய்யும். சில மணி நேரத்துக்குள் கோப்பி ஓவோ தே தாரிக்கோ குடித்திருந்தால் வழக்கமான அளவு பலிக்காமல் போகலாம். இழுப்புக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையும் இப்படித்தான்.

மூன்று, டைபிரிடமோல். பக்கவாதம் வந்த சிலருக்கு இரத்தம் கட்டாமல் இருக்கத் தரப்படும் மாத்திரை இது. இதை உட்கொள்பவருக்கு அடினோசின் பல மடங்கு பலமாக வேலை செய்யும், அளவைக் குறைக்க வேண்டும்.

நான்கு, வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின். இது சேர்ந்தால் இருதயத்தின் மின்பாதை கூடுதலாக அடைபடலாம்.

பல மாதம் தங்கும் ஊசி

அடினோசினுக்கு நேர் எதிரானது அமியோடரோன். கோர்டரோன் என்ற வணிகப் பெயரிலும் இதைப் பலர் அறிவார்கள். கீழறையில் தோன்றும் ஆபத்தான துடிப்புக்கும், மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் சில நிலைகளுக்கும் இது தரப்படுகிறது.

1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சு வலிக்கான மருந்தாகவே இது உருவானது. துடிப்பைச் சீராக்கும் அதன் குணத்தை, ஆக்ஸ்ஃபர்டில் வோன் வில்லியம்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டவர் பிரமா சிங். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி மருத்துவர் அவர்.

இம்மருந்தின் எடையில் 37 விழுக்காடு அயோடின். கொழுப்பில் கரைந்து உடலெங்கும் சேமிப்பாகும். நீண்ட நாள் உட்கொண்டவர் நிறுத்திய பிறகும், உடலில் உள்ளதில் பாதி வெளியேறவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். சிலருக்கு நான்கு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே ஒரு முறை ஊசியாகப் பெற்றாலும் மிச்சம் வெளியேற வாரக் கணக்காகும்.

இருதயம் நின்று போனவருக்கு, மின் அதிர்ச்சி மூன்று முறை கொடுத்தும் பலிக்காதபோது 300 மில்லிகிராம் வேகமாகச் செலுத்துவார்கள். மற்ற நிலைகளில் 150 மில்லிகிராமை 10 நிமிடத்தில் ஏற்றி, மீதியை 24 மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றுவது பரவலான முறை. முதல் நாளில் மொத்தம் 1000 மில்லிகிராம் அளவில் போகும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்ற 3026 பேரைப் பற்றிய வட அமெரிக்க ஆய்வு 2016இல் வெளிவந்தது. அமியோடரோன் பெற்றவர்களில் 24.4 விழுக்காட்டினர் உயிரோடு வீடு திரும்பினர். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 21 விழுக்காட்டினர். இடைவெளி சிறியது, உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாதது. கண் முன்னே ஒருவர் விழுந்தால், ஊசி வரும்வரை நெஞ்சை அழுத்தும் கைகள்தான் அவரைக் காப்பாற்றும். அந்தப் பயிற்சியை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது பெற்றிருப்பது நல்லது.

"சர்க்கரை நோயாளிக்கு ஏன் சர்க்கரை நீர்?"

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் உள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே அமியோடரோன் ஏற்றும்போது, தொங்கும் பையில் 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குடும்பத்தார் பதறுவது இயல்பு.

அதற்குக் காரணம் உண்டு. அமியோடரோன் சாதாரண உப்பு நீருடன் ஒத்துப் போகாது, கலவை கலங்கிப் படியக்கூடும். ஆகவே 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்கிறார்கள். 100 மில்லிலிட்டர் பையில் 5 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதைச் சமாளிக்க மருத்துவர்களுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல வேண்டாம். "இவருக்கு நீரிழிவு உண்டு" என்று நினைவூட்டினால் போதும்.

வேகமும் முக்கியம். இந்த ஊசி மருந்து விரைவாக ஏறினால் இரத்த அழுத்தம் சரியும். பரிசோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினருக்கு அழுத்தம் குறைந்தது. இதைக் கரைக்கச் சேர்க்கும் பொருள் சொட்டின் அளவையே மாற்றிவிடும் என்பதால், சொட்டு எண்ணி ஏற்றாமல் அளவு காட்டும் பம்ப் வழியாக ஏற்றுகிறார்கள். "சீக்கிரம் முடியட்டும்" என்று குழாயின் சக்கரத்தைத் திருப்புவதும், பம்ப் ஒலித்தால் நாமே பொத்தானை அழுத்தி அடக்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். தாதியைக் கூப்பிடுங்கள்.

ஊசி ஏறும் கையில் எரிச்சல், வலி, வீக்கம், நரம்பை ஒட்டிச் சிவந்த கோடு ஆகியவை தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இம்மருந்து சிறு நரம்பைப் புண்ணாக்கும். அதனால்தான் நீண்ட நேரம் ஏற்ற வேண்டி வந்தால் கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். தலைசுற்றல், மூச்சு முட்டல், பார்வை மங்கல் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டு மருந்துப் பெட்டி

அமியோடரோன் தனியாக வேலை செய்வதில்லை. உடலில் ஏற்கெனவே உள்ள மருந்துகளுடன் மோதும்.

வார்ஃபரின் உட்கொள்பவருக்கு அதன் பலம் கூடி இரத்தக் கசிவு ஏற்படலாம். வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். டிகாக்ஸின் அளவையும் பாதியாக்க வேண்டி வரும். கொழுப்புக்கு உட்கொள்ளும் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தசை சிதையும் ஆபத்து உண்டு.

கல்லீரல் அழற்சி 'சி'க்கான சோஃபோஸ்புவிர் பற்றி 2015இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அம்மருந்தை மற்றொரு வைரஸ் மருந்துடனும் அமியோடரோனுடனும் சேர்த்துப் பெற்ற 9 பேருக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தது, ஒருவர் இறந்தார். 2017இல் மலேசிய அரசாங்கம் தனி உரிமத்தின் வழி சோஃபோஸ்புவிரைக் குறைந்த விலையில் கொண்டு வந்தது. அரசு மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை பெறுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் எளிதாகக் கிடைக்கும் அதிமதுரத்தை, தொண்டைக்கு நல்லதென்று சிலர் நாள்தோறும் சேர்த்துக்கொள்கிறார்கள். அளவு மீறினால் அது இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிறுநீர் மாத்திரையும், நீடித்த வயிற்றுப்போக்கும் அதையே செய்யும். பொட்டாசியம் குறைந்த உடலில் துடிப்பு மருந்தே துடிப்பைக் குலைக்கக்கூடும். "அது மருந்தில்லையே, மூலிகைதானே" என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

தைராய்டு கோளாறு, அயோடின் ஒவ்வாமை, நுரையீரல் நோய், கல்லீரல் நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவையும் கட்டாயம் சொல்ல வேண்டியவை. பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதன் அட்டையைக் காட்டுங்கள்.

"எல்லாம் கணினியில் இருக்குமே" என்று நம்பிவிடக் கூடாது. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் எழுதிய மருந்து, அரசு மருத்துவமனையின் கணினிக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

பெயர் செய்த குழப்பம்

மருந்துப் பெயர் ஒன்றுபோல ஒலிப்பதும் ஆபத்துதான். அமெரிக்காவில் இருதயச் செயலிழப்புக்கு அம்ரினோன் என்றொரு ஊசி இருந்தது. அமியோடரோனுக்குப் பதிலாக அதுவும், அதற்குப் பதிலாக இதுவும் கை மாறிப் போய் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது. கடைசியில் 2000இல் அம்ரினோனின் பெயரையே இனாம்ரினோன் என்று மாற்றினார்கள்.

இத்தகைய தவறுகளைத் தடுக்கத்தான் மருத்துவமனைகளில் எச்சரிக்கை ஒட்டுவில்லை, தனி அலமாரி, இருவர் சரிபார்த்தல் எல்லாம் இருக்கின்றன. தாதி திரும்பத் திரும்பப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டால் எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள். "இது என்ன ஊசி? எதற்கு?" என்று பணிவாகக் கேட்பதும் தவறில்லை. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கிய 'தீங்கில்லா மருந்து' இயக்கம், நோயாளி கேள்வி கேட்பதைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.

மொழி தடையாக வேண்டாம்

அவசரப் பிரிவில் உள்ள மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தாத்தா, பாட்டி தனியாக இருக்கும் நேரத்தில் நோய் வரலாம். சில மலாய்ச் சொற்களை அவர்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். படபடப்புக்கு 'ஜந்தோங் பெர்டெபார்', ஆஸ்துமாவுக்கு 'லெலா', ஒவ்வாமைக்கு 'அலாஹான்', இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மருந்துக்கு 'உபாட் சாயிர் டாரா', வலிப்புக்கு 'சாவான்', மயக்கம் போட்டு விழுந்ததற்கு 'பெங்சான்'.

இதைவிட நல்லது, இன்றே ஒரு தாளில் எழுதி வைப்பது. பெயர், நோய்கள், எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அரசு மருந்தகம் தரும் ஒவ்வாமை அட்டையையும் சேர்த்து அடையாள அட்டையுடன் வையுங்கள். மாத்திரை அட்டைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.

வீடு திரும்பிய பின்

துடிப்பு சீராகி வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் பெறுங்கள். எந்த ஊசி, எவ்வளவு, எந்தத் தேதியில் போட்டார்கள்? அதன் மாத்திரை தொடருமா, எதுவரை? பழைய மருந்துகளில் எதன் அளவு மாறியிருக்கிறது? அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது? பதில்களை எழுதியே வாங்குங்கள்.

அடினோசின் மட்டும் பெற்றவருக்கு மருந்தைப் பற்றிய கவலை அன்றோடு தீர்ந்தது. துடிப்பு ஏன் எகிறியது என்பதை அறியும் பரிசோதனைகளைத் தவறவிடாமல் இருந்தால் போதும். அமியோடரோன் மாத்திரை தொடர்பவருக்குத் தைராய்டு, கல்லீரல் இரத்தப் பரிசோதனைகள் தொடக்கத்திலும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தேவை. வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குதல் தெரிந்தால் 'வயதாகிவிட்டது' என்று விடக் கூடாது. இம்மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும். பார்வை மங்கினாலும், கண் மஞ்சளித்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் கூடினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் தோல் எளிதில் கன்றும், குடையும் முழுக்கைச் சட்டையும் நல்லது. கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்க வேண்டும். அதே வகைப் பொருள்கள் உள்ள பம்ளிமாஸ் பற்றியும் மருந்தாளரிடம் கேளுங்கள்.

பக்க விளைவுக்குப் பயந்து மாத்திரையைத் தாமே நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஐயமிருந்தால் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். பக்க விளைவு ஏற்பட்டால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்குப் பொதுமக்களும் புகார் அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மருந்து உடலைவிட்டுப் போக மாதக் கணக்காகலாம். ஆறு மாதம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும், சளிக்குக் கிளினிக் போனாலும், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கினாலும், அமியோடரோன் ஏறிய விவரத்தை முதலில் சொல்லிவிடுங்கள். அதையும் அந்தத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் அது உங்களுக்காகப் பேசும்.